விருந்தாளியாகப் போனவர் பார்த்த வேலை

1982 ஜூன் 24. பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய சோயுஸ் டி-6 விண்கலத்தில் இரண்டு சோவியத் வீரர்களோடு ஒரு பிரெஞ்சுக்காரரும் இருந்தார். பெயர் ழான்-லூ க்ரெத்தியன், வயது 43. மேற்கு ஐரோப்பாவிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான்.

லா ரோஷெல் என்ற துறைமுக நகரில் 1938இல் பிறந்தவர். பிரான்ஸ் விமானப்படையில் மிராஜ் எஃப்-1 போர் விமானத்தை ஓட்டிச் சோதித்த விமானி. அவருக்கு அந்த இருக்கை கிடைத்ததற்குக் காரணம் அரசியல். 1979இல் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ், பிரான்ஸ் நாட்டவர் ஒருவரைத் தங்கள் விண்கலத்தில் ஏற்றிச் செல்ல முன்வந்தார். க்ரெத்தியனும் பத்ரிக் போத்ரியும் தேர்வானார்கள். இருவரும் ரஷ்ய மொழி படித்து, மாஸ்கோ அருகே பயிற்சி பெற்றார்கள். இடையில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்து கிழக்கு-மேற்கு உறவு கசந்தபோதும் பயணம் ரத்தாகவில்லை.

சோவியத் விண்வெளி நிலையமான சல்யூத்-7ஐ நெருங்குகையில் சோயுஸின் கணினி கைவிட்டது. தளபதி ஜானிபெக்கோவ் கையாலேயே ஓட்டி இணைத்தார்.

பிரான்ஸ் ஆளை மட்டும் அனுப்பிவிடவில்லை, கருவிகளையும் கொடுத்தனுப்பியது. அவற்றில் முக்கியமானது இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி. எடையற்ற நிலையில் கால்களில் இருக்கும் இரத்தமும் நீரும் மார்பையும் தலையையும் நோக்கி ஏறும். முகம் உப்பும், கால் மெலியும். அப்போது இதயம் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை ஊசி குத்தாமல், உடலைக் கீறாமல் பார்க்க முடிந்தது. ஏறக்குறைய எட்டு நாளில் க்ரெத்தியன் பூமி திரும்பினார். 1984இல் இந்தியாவின் ராகேஷ் ஷர்மா போனதும் இதே சல்யூத்-7 நிலையத்துக்குத்தான்.

க்ரெத்தியனின் உண்மையான சாதனை என்று நான் கருதுவது 1988இல் நடந்தது. சோவியத்தின் மீர் விண்வெளி நிலையத்துக்குப் போன அவர், டிசம்பர் 9 அன்று அலெக்ஸாந்தர் வோல்கோவுடன் வெளியே வந்து விண்வெளியில் நடந்தார். அமெரிக்கரோ சோவியத் நாட்டவரோ அல்லாத ஒருவர் விண்வெளியில் நடந்தது அதுவே முதல் முறை. மடித்து வைத்திருந்த கார்பன் இழைக் குழாய்ச் சட்டம் ஒன்றை நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தி விரிக்க வேண்டும். பொருத்திவிட்டார்கள், சட்டம் விரிய மறுத்தது. கட்டளைகள் பலிக்காமல் போகவே, வோல்கோவ் காலால் உதைத்தார். விரிந்தது! கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இருவரும் வெளியே இருந்தார்கள். கனத்த உடையில், காற்று நிரம்பி விறைத்த கையுறையோடு ஆறு மணி நேரம் வேலை செய்வது சும்மா இல்லை. விருந்தாளி என்று யாரும் இனி அவரைச் சொல்ல முடியாது.

1997இல், 59 வயதில், அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்கலத்தில் ஏறி மறுபடியும் மீருக்குப் போனார். பனிப்போரின் இரு தரப்பு விண்கலங்களிலும் பறந்த அனுபவம் அன்று மிகச் சிலருக்கே வாய்த்திருந்தது.

மனிதரை ஏற்றிச் செல்லும் சொந்த விண்கலம் பிரான்ஸிடம் இன்றும் இல்லை. ஆனாலும் 1996இல் பிரெஞ்சு மருத்துவர் க்லோடி மீருக்குப் போனார். இன்னொரு பிரெஞ்சு வீரர் தோமா பெஸ்கே பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 2016இல் ரஷ்ய சோயுஸிலும், 2021இல் அமெரிக்க டிராகனிலும் போய்வந்தார்.