மைக்கைப் பங்கு போடாதவர்

1948–49இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வந்தபோது அகில இந்திய வானொலி புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. டெஸ்ட் போட்டிகளை இனி ஒருவர் மட்டும் வர்ணிக்கமாட்டார்; மூன்று பேர் மாறி மாறிப் பேசுவார்கள். இன்றைய ரசிகருக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு இந்தியாவின் மிகப் பிரபலமான கிரிக்கெட் குரலாக இருந்த ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் இதற்கு இணங்கவில்லை. பேசினால் தனியாகத்தான் பேசுவது என்பது அவர் கட்சி. ஒதுங்கிக்கொண்டார்.

அவர் விட்டுக்கொடுத்தது லேசுப்பட்ட தொடர் அல்ல. மேற்கிந்திய மட்டையாளர் எவர்ட்டன் வீக்ஸ் தொடர்ச்சியாக ஐந்தாவது டெஸ்ட் சதத்தை அடித்ததும், ஆறாவதை நெருங்கி சென்னையில் 90 ஓட்டங்களுடன் ரன் அவுட் ஆனதும் இந்தத் தொடரில்தான். பம்பாயில் நடந்த கடைசி டெஸ்டில் 361 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, 8 விக்கெட்டுக்கு 355 என்று ஆறு ஓட்டங்கள் குறைவாக நின்றபோது, நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கையிலேயே நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். ஒரு வர்ணனையாளர் ஆயுளில் ஒருமுறை பெறக்கூடிய வாய்ப்பு. அதுவும் தல்யார்கானின் சொந்த ஊரில்!

அர்தேஷிர் ஃபர்தோர்ஜி சோராப்ஜி தல்யார்கான் என்பது முழுப்பெயர். பம்பாய்க்காரர்களுக்கு வெறும் 'பாபி'. 1897இல் பிறந்த பார்சி. விளையாட்டுப் பத்தி எழுத்தாளர். 1934இல் பம்பாய் எஸ்பிளனேட் மைதானத்தில் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய நான்கு முனைப் போட்டியை வானொலியில் வர்ணித்ததிலிருந்து அவருடைய இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. அகில இந்திய வானொலியில் அவர் அன்று பேசினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்ததே 1936இல்தான்.

காலையில் மைக்கின் முன் உட்கார்ந்தால் மதிய உணவுக்கும் தேநீருக்கும் மட்டுமே எழுந்திருப்பார். மற்ற நேரமெல்லாம் பேச்சு. பக்கத்தில் புள்ளிவிவரம் சொல்ல நிபுணர் இல்லை, மூச்சு வாங்கும்போது பேச்சை ஏற்றுக்கொள்ள இன்னொருவர் இல்லை. நடந்ததை மறுபடி காட்டும் திரையும் கிடையாது. கண் ஒருமுறை தவறவிட்டால் அந்தப் பந்து போனது போனதுதான். பத்திரிகையில் எழுதுகிறவருக்கு மாலை வரை அவகாசம் உண்டு. யார் வென்றார் என்று தெரிந்த பிறகு முதல் வரியை எழுதலாம். வானொலியில் அந்தச் சலுகை கிடையாது.

அந்தக் காலத்து வானொலியில் தந்திரங்களும் இருந்தன. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, சிட்னி ஸ்டூடியோவில் இருந்த வர்ணனையாளர்கள் அங்கிருந்து வரும் தந்திகளை வைத்துக்கொண்டே ஆட்டத்தை 'நேரடியாக' வர்ணித்தார்கள். மட்டையில் பந்து படும் ஓசைக்குப் பென்சிலால் மரத்தைத் தட்டுவார்கள். கூட்டத்தின் ஆரவாரம் இசைத்தட்டிலிருந்து வரும். நேயர்களும் தெரிந்தே ரசித்தார்கள். தல்யார்கான் மைதானத்தில் இருந்து பேசியவர். தன் கண்ணை மட்டும் நம்பியவர். பிறர் கண்ணோடு அதைப் பங்கு போட அவர் மறுத்ததற்கு இந்தப் பெருமிதமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் வெறும் அகங்காரம் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் குரலுக்குப் பின்னால் சண்டைக்கார எழுத்தாளர் ஒருவர் இருந்தார். பம்பாயின் அந்தப் புகழ்பெற்ற போட்டியில் அணிகள் மதவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன: ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள்; 1937இலிருந்து ஐந்தாவதாக 'மற்றவர்கள்'. மைதானம் நிரம்பி வழியும். வானொலிக்கும் கொண்டாட்டம்தான். தல்யார்கானின் குரல் ஊரெங்கும் பரவியதே இந்தப் போட்டியால். ஆனாலும் மதவாரிக் கிரிக்கெட்டை எதிர்த்து எழுதியவர்களில் அவரும் இருந்தார். 'பம்பாய் குரோனிகிள்' விளையாட்டு ஆசிரியர் ஜே.சி. மைத்ரா இந்தப் போட்டியை விடாமல் சாடினார். 1940 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த இந்து ஜிம்கானா பிரதிநிதிகளிடம் காந்தியும் தன் எதிர்ப்பைச் சொன்னார். 1946க்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவில்லை. தன்னை வளர்த்த மேடையையே இடிக்கச் சொல்ல எத்தனை வர்ணனையாளர்களுக்கு மனம் வரும்?

தல்யார்கான் மைக்கை விட்டுப் போன பின் வானொலியில் மூவர் ஏற்பாடே நிலைத்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஐந்து நாளும் ஒரே குரலைக் கேட்பது எந்த நேயருக்கும் தண்டனை. ஒருவர் தவறை இன்னொருவர் திருத்தலாம். ஆனால் குழுவில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு கதை. விஜயநகரம் மகாராஜகுமார் 'விஸி' வர்ணனை செய்த காலத்தில் உலவிய ஒரு நகைச்சுவை இன்றும் வாழ்கிறது. தான் எத்தனை புலிகளைச் சுட்டேன் என்று விஸி பெருமையடித்தாராம். அதற்கு மேற்கிந்திய வீரர் ரோஹன் கன்ஹாய், நீங்கள் வர்ணனை செய்யும்போது வானொலியைக் காட்டில் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள், புலிகள் சலிப்பிலேயே செத்திருக்கும் என்றாராம்.

மைக்கை விட்டாலும் தல்யார்கான் பேனாவை விடவில்லை. 'பிளிட்ஸ்' வார இதழில் அவருடைய பத்தி 'டூ யூ கெட் மீ, ஸ்டீவ்?' என்ற முத்திரைக் கேள்வியோடு வந்தது. 'மிட் டே' பத்திரிகையில் 'டேக் இட் ஃப்ரம் மீ' என்று எழுதியபோது எண்பதைத் தாண்டியிருந்தார். இரண்டுமே ஒருவர் எதிரே உட்கார்ந்து விரலை நீட்டிப் பேசுவது போலத்தான் இருக்கின்றன. வானொலி போனாலும் வானொலிக்காரர் போகவில்லை. 1990இல் காலமானார்.

இலங்கையில் வானொலி வர்ணனைக் கலை வேறு வழியில் வளர்ந்தது. கொழும்பு வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கிரிக்கெட் நெடுங்காலம் ஆங்கிலத்தில்தான் ஒலித்தது. அதைச் சிங்கள வீடுகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பாடலாசிரியரும் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவருமான கருணாரத்ன அபேசேகர. தமிழில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களில் குரலைப் பழக்கியவர். பின்னாளில் அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனையால் சென்னையின் சேப்பாக்கம் மைதானத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். கவிஞர் நீலாவணனின் மகன் எஸ். எழில்வேந்தனின் குரல் இலங்கைத் தமிழ் விளையாட்டு நேயர்களுக்குத் தெரிந்த குரல். பத்திரிகை, நாடகம், பாட்டு என்று ஏதோ ஒரு சொல் தொழிலிலிருந்து வந்தவர்கள்தான் நம் பக்கத்தில் வர்ணனையை வளர்த்திருக்கிறார்கள். மட்டையைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பிற்பாடுதான் வந்தார்கள்.

இவர்களுக்கெல்லாம் உண்மையான நேயர் மைதானத்தைப் பார்த்தே இராதவர். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலிக்கும் வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்கும் அருகே இருக்கும் வில்கமுவவை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயப் பிரதேசம். யானைகள் வயலுக்குள் இறங்கும். இரவுக் காவலுக்குப் பரணில் ஏறுகிறவர் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1996 மார்ச் 17 இரவு லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்தபோது, அவ்வாறான இடங்களில் கையடக்க வானொலிதான் மைதானம்.

அந்த மாத்தளை மாவட்டத்துக்கே பிறகு சர்வதேசக் கிரிக்கெட் வந்தது. தம்புள்ளை மைதானத்தை 167 நாட்களில் கட்டி முடித்து, 2001 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியை நடத்தினார்கள். இப்போது அங்கே வர்ணனைப் பெட்டிக்குள் முன்னாள் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். தல்யார்கான் எட்டிப் பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். அடுத்த வாரப் பத்தியில் அத்தனை பேரையும் ஒரு கை பார்த்தும் இருப்பார்.