மேல் பிரஷர் 160, கீழ் பிரஷர் 70: அப்பாவின் ரத்தக்குழாய் என்ன சொல்கிறது?

குடும்பத்தோடு ஒகேனக்கல் போறீங்க. பரிசல் சவாரி முடிந்து படியேறும்போது அப்பா பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். ‘ஒண்ணுமில்ல, வயசாச்சுல்ல’ என்கிறார். அப்படியே விட்டுடலாமா?

ரத்தக்குழாய்க்கு எப்படி வயதாகிறது?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இளமையில் ரப்பர் மாதிரி. துடிக்கும்போது விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு சுருங்கி முன்னே தள்ளும். வயது கூடக் கூட எலாஸ்டின் இழைகள் தேய்ந்து, விறைப்பான கொலாஜன் அதிகரிக்கிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இதை வேகப்படுத்தும்.

குழாய் விரியாததால் மேல் அழுத்தம் ஏறும். சுருங்கித் தள்ளுவதும் குறைவதால் கீழ் அழுத்தம் இறங்கும். ‘கீழ் பிரஷர் நார்மல்தானே’ என்று நாம் ஏமாறுவது இங்கேதான். 160/70 என்றால் இடைவெளி 90. முதியவர்களுக்கு அது 60-ஐத் தாண்டினாலே கவனம் தேவை.

இதயத்துக்கு என்ன ஆகும்?

விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள, இடது கீழறை கூடுதலாக உழைத்துச் சுவர் தடித்துப்போகும். தடித்த சுவர் எளிதில் தளராது. ரத்தம் நிரம்பச் சிரமப்படும். அந்த அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்பி மூச்சு வாங்கும். எக்கோவில் ‘பம்பிங் நார்மல்’ என்று வந்தாலும் இந்தப் பிரச்சினை இருக்கலாம்.

தருமபுரிக்குத் தனிக் காரணம் உண்டா?

இம்மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல், எலும்பு பாதிக்கப்படலாம். ஃப்ளோரைடால் பாதிக்கப்பட்டவர்களின் பெருந்தமனி விறைப்பாக இருந்ததைத் துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. ஆனால், ஃப்ளோரைடுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஜப்பான் நிதியுதவியுடன் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், போர்வெல் தண்ணீருக்குப் பதிலாகக் காவிரி நீரைத் தருகிறது. குடிக்க, சமைக்க அதையே பயன்படுத்துவது நல்லது.

என்ன செய்யலாம்?

* ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பிரஷர் பாருங்க. இரண்டு எண்களையும் குறித்து டாக்டரிடம் காட்டுங்க.
* உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும்.
* மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கீழ் அழுத்தம் அதிகம் இறங்கினால் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறையலாம்.
* 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்.
* நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே 108.

போன வருஷம் நிற்காமல் ஏறிய படியில் இந்த வருஷம் அப்பா உட்கார்ந்தால், அதை வயசுக் கணக்கில் எழுதாதீங்க, டாக்டரிடம் சொல்லுங்க.