உருளைக்குப் பதில் மரவள்ளி போட்டால் போதுமா?

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் சூட்டின் குணம் தெரியாதவர்கள் குறைவு. ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் சுட்டால்தான் அங்கே மண் இறுகும். பக்கத்து நல்லூர் வட்டாரத்து அடுப்பங்கரையில் கணக்கு வேறு. சிப்ஸுக்கு 120 டிகிரியைத் தாண்டும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

உருளைக்கிழங்கு சிப்ஸ் கெடுதல் என்று வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பீட்ரூட், பாகற்காய் என்று மாறுபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் காயை மாற்றியதால் எண்ணெயும் சூடும் மாறிவிடுவதில்லை.

பழுப்பு நிறம் சொல்லும் சேதி

மாவுப்பொருளுள்ள உணவை 120 டிகிரிக்கு மேலான சூட்டில் வறுத்தால் அக்ரிலமைடு உருவாகிறது என்று 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சூட்டில் சேர்வதே காரணம். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்ற ஐயப்பட்டியலில் இருக்கும் பொருள் இது. காய் கறுக்கக் கறுக்க இதுவும் கூடும்.

இயல்பிலேயே இனிக்கும் பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளி மூன்றும் சீக்கிரம் கறுத்துவிடும். 'உருளை இல்லை' என்ற நிம்மதி இங்கே செல்லாது. முற்றிய, பழுக்காத வாழைக்காயில் சர்க்கரை குறைவு. அதனால் பொன்னிறத்திலேயே மொறுமொறுப்பு வந்துவிடுகிறது. பழுக்கத் தொடங்கிய காயைச் சீவினால் ஓரம் கருகும். எந்தக் காயானாலும் இளமஞ்சளில் எடுத்துவிடுங்கள். கருகியதை ருசி பார்க்காமல் எறியுங்கள்.

மரவள்ளியில் மட்டும் கூடுதல் கவனம்

விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் சின்னசேலம் பக்கம் மரவள்ளி நிறைய விளைகிறது. பெரும்பகுதி ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகிறது. ஆலைக்கு உகந்த ரகமெல்லாம் வீட்டுச் சட்டிக்கு உகந்ததல்ல. மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் லினமாரின் இருக்கிறது. கசப்பு ரகங்களில் மிக அதிகம். வறுப்பதால் மட்டும் அது முழுதாகப் போகாது. சாப்பாட்டு ரகமாகக் கேட்டு வாங்கி, வெளித்தோலோடு உள்ளிருக்கும் தடித்த தோலையும் உரித்து, மெல்லியதாகச் சீவித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் அந்தக் கிழங்கே வேண்டாம்.

எண்ணெய் எங்கே போகிறது?

100 கிராம் பச்சை உருளையில் சுமார் 80 கலோரி. அதே எடை சிப்ஸில் 500-க்கு மேல். காயிலிருந்த நீர் ஆவியாகிப் போன இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. வெண்டைக்காயும் பாகற்காயும் இதற்கு விலக்கல்ல. நீர் மிகுந்த காய் கூடுதலாகவே எண்ணெய் குடிக்கும். சீவியதைத் துணியில் நன்றாக ஒற்றி உலர்த்திப் போட்டால் ஓரளவு குறையும். ஒருமுறை காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். எண்ணெய் கெட்டதா என்று அளக்க, அது கெடும்போது பெருகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் கடைகளுக்கு உண்டு. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. நிறமும் நுரையும் வாடையும்தான் அடையாளம்.

வெயில் சும்மாவா கிடக்கிறது?

சித்திரை வெயில் கடலூர் மாவட்டத்துக்குப் பஞ்சமில்லாத சொத்து. அதில் காயவைத்த கொத்தவரங்காய், பாகற்காய், சுண்டைக்காய் வற்றலை எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் தோசைக்கல்லில் அரைக் கரண்டி எண்ணெயில் புரட்டினாலே நொறுங்கும். இதில் எதிரி உப்பு. நாளொன்றுக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வற்றல் போடும்போது உப்பைப் பாதியாக்கி, மோரில் ஊறவைத்துக் காயவையுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வற்றல் சாப்பிடும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.