லாரியில் வரும் வீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நெடுஞ்சாலையில் போனால், பாதி வீடு ஒன்று எதிரே வருவதைச் சில சமயம் பார்க்கலாம். ஒரு பக்கம் சுவர், ஜன்னல் எல்லாம் முழுசாக இருக்கும். மறுபக்கம் வெளிச்சுவருக்குப் பதில் வெள்ளை பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். முன்னே மஞ்சள் விளக்கோடு ஒரு துணை வண்டி, பின்னே இன்னொரு லாரியில் மிச்சப் பாதி. தாளுக்குப் பின்னால் சமையலறை அலமாரியும் குளியல் தொட்டியும் சுவிட்சுகளும்கூடப் பொருத்தியாகிவிட்டன. ஆலையில் பெட்டி பெட்டியாகக் கட்டி, மனையில் கொண்டுபோய் ஒன்றுசேர்க்கும் இதற்கு மாடுலர் வீடு என்று பெயர். முதல் வீடு வாங்க நினைக்கும் பலருக்கு இதன் மேல் ஒரு கண் உண்டு. சீக்கிரம் முடியும், விலையும் கொஞ்சம் குறையும் என்ற நம்பிக்கை. சீக்கிரம் முடியும் என்பது பெரும்பாலும் உண்மைதான். விலையைப் பற்றி மட்டும், மனையைப் பார்க்காமல் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இதையும் 'மொபைல் ஹோம்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் வீட்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம். அதுவும் ஆலையில் செய்து லாரியில் வருவதுதான். ஆனால் அது நிரந்தரமான இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்படுவது. 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் தனி விதி அதற்கு உண்டு. வெளிச்சுவரில் சிறிய சிவப்பு உலோகத் தகடு இருந்தால் அது அந்த வகை. பல மாநிலங்களில் அதைக் காரைப் போல அசையும் சொத்தாகவே முதலில் பதிவு செய்கிறார்கள். மாடுலர் வீட்டுக்கு அந்தத் தகடு கிடையாது. பக்கத்து மனையில் தச்சர் வந்து கட்டும் வீட்டுக்கு என்ன கட்டட விதியோ, அதேதான் இதற்கும். மாநில அரசின் முத்திரை பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் ஒட்டியிருக்கும். வீடு பார்க்கப் போகிறவர் குனிந்து அதைப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனமான ஃபேனி மே, மாடுலர் வீட்டைச் சாதாரண வீடாகவே கருதுகிறது. மற்ற வகைக்குத் தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது.

உறுதி எப்படி என்று கேட்பவர்களுக்கு 1992-இல் ஃப்ளோரிடாவைப் புரட்டிப்போட்ட ஆண்ட்ரூ சூறாவளியைச் சொல்லலாம். மொபைல் ஹோம் குடியிருப்புகள் தரைமட்டமாயின. பிறகு சேதத்தை ஆராய்ந்த மத்திய பேரிடர் நிர்வாக முகமையின் குழு, மாடுலர் வீடுகளில் கட்டுமானச் சேதம் குறைவாகவே இருந்ததாக எழுதியது.

காரணம் ஆலைக்குள் இருக்கிறது. வெளியே கட்டும்போது முதலில் வெளிச்சுவர், பிறகு வயரிங், கடைசியில் உள்பக்க ஜிப்சம் பலகை. பல ஆலைகளில் இந்த வரிசை தலைகீழ். சுவர்ச் சட்டத்தில் ஜிப்சம் பலகையை முதலில் பசை போட்டு ஒட்டி, திருகும் அடிக்கிறார்கள். பெட்டிக்கு வெளியே நின்றபடி மின்கம்பியும் குழாயும் ஓட்டுகிறார்கள். பிறகு வெப்பக்காப்புப் பஞ்சைத் திணித்து வெளிப்பலகையை அடிக்கிறார்கள். சுவரை மூடுவதற்கு முன் வெளி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பசையும் சுவரில் சேர்க்கும் கூடுதல் மரமும் தாராள மனசால் வந்தவை அல்ல. வேகமாக ஓடும் லாரியில் குலுங்கி, கிரேனில் தொங்கி, மனையில் இறங்கும்வரை சுவர் விரியாமல் இருக்க வேண்டுமே!

உண்மையில் இந்த வீட்டின் வரைபடத்தைப் பாதி போடுவது சாலைதான். ஒரு பெட்டி ஏறத்தாழ 16 அடி அகலத்துக்கு மேல் போனால் அனுமதி வாங்குவது பெரும்பாடு. அதனால் பெரிய கூடம் வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளுக்குக் குறுக்கேதான் அமையும். பாலத்துக்கு அடியில் போக வேண்டும் என்பதால் சரிவான கூரைக்குக் கீல் வைத்து மடித்து, மனைக்கு வந்தபின் தூக்கி நிறுத்துகிறார்கள். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குத் தொழிலில் 'மேரேஜ் லைன்' என்று பெயர். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர் உண்டென்பதால் அங்கே சுவர் இரட்டை. குடிபோன பிறகும் அங்கே உள்ள வாசலில் நின்று நிலையின் ஆழத்தைப் பார்த்தால், வீடு எங்கே இரண்டாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆலையில் பெட்டி தயாராகும் அதே வாரங்களில் மனையில் அஸ்திவாரம் எழும்புகிறது. நேரம் மிச்சமாவது இங்கேதான். மழையும் பெட்டியைத் தொடுவதில்லை. இரண்டு பெட்டி வீடு என்றால் கிரேன் வைத்து இறக்குவது பெரும்பாலும் ஒரே நாள் வேலை. காலையில் வெறும் அஸ்திவாரம், சாயங்காலம் கூரையோடு வீடு. ஆனால் அஸ்திவாரம் ஓர் அங்குலம் கோணியிருந்தால் அந்த நாள் நரகம். பெட்டியை இழைத்துச் சரிசெய்ய முடியாது.

முதல்முறை வாங்குபவர் ஏமாறுவது இந்த ஒரு நாள் காட்சியைப் பார்த்துத்தான். ஆலை சொல்லும் விலை பெட்டிக்கான விலை. கிராமப்புற மனை என்றால் ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, லாரி வருகிற அளவுக்குப் பாதை எல்லாம் தனி. மண் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் செப்டிக் டேங்குக்கு அனுமதி; அதில் தேறாத மனையை வாங்கிவிட்டால் வீடு எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. கிரேன் நிற்க உறுதியான இடம் வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது, மரங்களை வெட்ட வேண்டி வரலாம். குளிர் மாநிலங்கள் சிலவற்றில் பனி உருகும் வசந்த காலத்தில் சாலை இளகிவிடும் என்று கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு போடுகிறார்கள். அந்தச் சமயம் பார்த்து வீடு தயாரானால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடனிலும் ஒரு சிக்கல். மனையில் வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பணம் விடுவதுதான் வங்கியின் வழக்கம். ஆலையோ பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் பெருந்தொகையைக் கேட்கும். மனையில் பதியாத வீட்டுக்கு எப்படிப் பணம் தருவது என்று வங்கி கையை விரிக்கும். மாடுலர் வீட்டுக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கியைத் தேடிப் பிடித்த பிறகு ஆலைக்குப் போவதே முறை. மனை ஏற்கனவே சொந்தமாக இருந்தால் அதன் மதிப்பை முன்பணமாகக் கணக்கிட்டுக்கொள்ளும் வங்கிகளும் உண்டு.

ஆலை நிலைத்து நிற்குமா என்பது அடுத்த கேள்வி. சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் மூலமாகவே சுமார் 70,000 வீடுகளை விற்றது. அவை பெட்டிகள் அல்ல, ரயிலில் வந்த அளவெடுத்த மரத்துண்டுகள். கடனும் அதுவே கொடுத்தது. 1930-களின் பெருமந்தத்தில் தன் வாடிக்கையாளர்களின் வீடுகளையே பறிமுதல் செய்ய வேண்டி வந்தது. எனாமல் பூசிய எஃகு வீடுகளைச் செய்த லஸ்ட்ரான், அரசுக் கடனில் தொடங்கி, சுமார் 2,500 வீடுகளோடு 1950-இல் மூடியது. பெரும் முதலீட்டோடு வந்த கடேரா நிறுவனம் 2021-இல் திவாலானது. வீட்டு ஆலைக்கு விற்பனை மந்தமானாலும் வாடகையும் சம்பளமும் நிற்காது. அதனால்தான் இத்தொழிலில் விழுந்தவர்கள் அதிகம். கொடுத்த முன்பணம் யார் கணக்கில் இருக்கிறது, ஆலை மூடினால் திரும்பி வருமா என்று வாங்குபவர் எழுத்தில் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் மேரேஜ் லைன் ஓரமாக உட்கூரையில் மெல்லிய விரிசல் விழுவது சகஜம். ஆலைக்காரர் இறக்கியவரைக் கைகாட்டுவார், இறக்கியவர் அஸ்திவாரம் போட்டவரைக் கைகாட்டுவார். அதைப் பூசிக்கொடுக்கும் பொறுப்பு இந்த மூவரில் யாருடையது என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டு எழுதும் வரை கையெழுத்துப் போடக் கூடாது.