நாட்டுக்கு விலையில்லை, நகரத்துக்குத்தான் விலை
கடல் தாண்டிப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் போட வேண்டிய கணக்கு

குற்றாலத்தில் ஆனி, ஆடியில் சாரல் விழும்போது லாட்ஜ் அறைக்குக் கேட்கிற வாடகை ஒன்று. மாசியில் அருவி வற்றிக் கிடக்கும்போது அதே அறைக்குக் கேட்கிற வாடகை வேறு. சில கிலோமீட்டர் தள்ளி தென்காசியில் இன்னொரு விலை. இதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுப் படிப்பு என்று வரும்போது, நம் பிள்ளைகள் "இங்கிலாந்துக்கு எவ்வளவு ஆகும்? அமெரிக்காவுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். நாட்டுக்கு விலை கிடையாது. எந்த நகரத்தில் போய் இறங்குகிறோம் என்பதில்தான் எல்லாச் செலவும் அடங்கியிருக்கிறது.

வசதியுள்ள சாதிகளின் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும். நியூஜெர்சியில் ஒரு மாமா, லண்டனில் ஒரு சித்தப்பா. எந்தத் தெருவில் வாடகை குறைவு, எந்தக் கடையில் அரிசி மலிவு என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடும். கடையத்திலும் பாவூர்சத்திரத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்க்கு அப்படி ஓர் உறவு இல்லை. பணத்தைப் போலவே தகவலும் இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொத்தாகக் கைமாறுகிறது. அந்தச் சொத்து இல்லாதவர்கள் கணக்கைத் தாங்களே போட வேண்டியிருக்கிறது.

அண்ணல் அனுபவித்த கணக்கு

1913-ல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர நியூயார்க் போனார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜ் செய்த உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் ஆகியவற்றைக் கொண்டுதான் 1920-ல் மறுபடி லண்டன் போனார். அங்கே அரை வயிற்றோடு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததையும், இரவில் அப்பளத்தைச் சுட்டுத் தின்று பசியாறியதையும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி எழுதிய ஆய்வுக்கு 1923-ல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. ஆய்வின் பொருள், ரூபாயின் பிரச்சினை.

அந்தப் பட்டினியைத் தியாகம் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். நூறாண்டு கழித்தும் அதே பட்டினியை நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது.

ஒன்றிய அரசின் ஒரே தொகை

பட்டியல் சாதி மாணவர்களுக்காக ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தை நடத்துகிறது. மொத்தம் 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் திட்டத்தில் அடங்கும். நல்ல திட்டம், சந்தேகமில்லை. இடிக்கிற இடம் வாழ்க்கைச் செலவுக்கான தொகைதான்.

2024-25 விதிகளின்படி, பிரிட்டனில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு. மற்ற எல்லா நாடுகளுக்கும் 15,400 டாலர். மாதக் கணக்கில் 825 பவுண்டு. அல்லது ஏறத்தாழ 1,283 டாலர்.

இனி பிரிட்டன் அரசு போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். விசா கேட்கும் மாணவர் கையில் மாதச் செலவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்த அரசு வரையறுக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அளவு லண்டனில் மாதம் 1,483 பவுண்டாகவும், லண்டனுக்கு வெளியே 1,136 பவுண்டாகவும் இருந்தது. அந்த அளவின்படி நம் மாணவரின் 825 பவுண்டு லண்டனுக்கு 658 பவுண்டு குறைவு. வெளியூர் என்றாலும் 311 பவுண்டு குறைவு. லீட்ஸ், ஷெஃபீல்டு போன்ற ஊர்களில் பல்கலைக்கழக விடுதியும் சொந்தச் சமையலுமாகச் சமாளிக்க முயலலாம். லண்டனில் அறை வாடகையிலேயே பணம் கரைந்துவிடும்.

டாலரும் அப்படித்தான். நியூயார்க், பாஸ்டன், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் பலர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். மத்திய மேற்கு மாநிலங்களின் சிறிய பல்கலைக்கழக ஊர்களில், இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா, பர்டியூ இருக்கும் வெஸ்ட் லஃபாயெட் போன்ற இடங்களில், அதே 1,283 டாலருக்கு வாடகை போக ஓரளவு கையில் நிற்கும். ஜெர்மனியில் விசாவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. 15,400 டாலரை யூரோவாக மாற்றினால் அதைவிடக் கூடுதலாகவே வரும். ஆனால் ஜெர்மனிக்குள்ளும் மியூனிக் வேறு, லைப்சிக் வேறு. மியூனிக்கில் மாணவர் அறை வாடகை நாட்டிலேயே உச்சம்.

அரசுக்குத் தெரியாததா?

நகரத்துக்கு நகரம் செலவு மாறும் என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். ஒன்றிய அரசு ஊழியருக்குச் சென்னையில் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். தென்காசி போன்ற ஊரில் 10 சதவீதம். வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போகும் இந்திய அதிகாரிக்கும் எந்த ஊரில் பணி என்பதைப் பார்த்தே அயல்நாட்டுப் படி தரப்படுகிறது. நியூயார்க்குக்கும் அர்பானாவுக்கும் ஒரே தொகை என்ற விதி, அங்கே படிக்கப் போகும் தலித் மாணவருக்கு மட்டும்தான்.

பிரிட்டன் அரசு நிதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு 2024-25-ல் குறைந்தபட்ச ஊக்கத்தொகை ஆண்டுக்கு 19,237 பவுண்டு. லண்டன் என்றால் 21,237. இப்படி ஒரு வித்தியாசத்தை நம் திட்டத்திலும் எழுதிச் சேர்க்க முடியும். ஒரே தொகை என்பது பார்வைக்குச் சமத்துவம். நடப்பில் அது பெருநகரத்துப் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவை நம் பிள்ளைகளுக்கு மட்டும் பாதி சாத்தி வைக்கிறது.

தமிழ்நாட்டுத் திட்டமும் ஓர் உதாரணமும்

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமாக ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஒன்றியத் திட்டத்தில் இடமில்லாத கிறித்தவ ஆதிதிராவிடரும் இதில் விண்ணப்பிக்கலாம் என்பது நெல்லை, தென்காசி மாவட்டங்களுக்கு முக்கியமான செய்தி.

36 லட்சம் என்றதும் நம் வீடுகளில் மலைப்பு வரும். லண்டனின் பெயர்பெற்ற கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கான முதுநிலைக் கட்டணம் 30,000 பவுண்டைத் தாண்டுவதுண்டு. ஒரு பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தாலே 33 லட்சம் போய்விட்டது. மீதி 3 லட்சம், அதாவது சுமார் 2,727 பவுண்டு. மேலே சொன்ன லண்டன் கணக்குப்படி அது இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் விதிவிலக்கு). ஒரு யூரோவை 100 ரூபாய் என வைத்தால் ஆண்டுச் செலவு 12 லட்சத்தை ஒட்டி வருகிறது.

பற்றாக்குறை விழுந்தால் எங்கே போவது? கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. நிலமற்ற குடும்பம் பிணைக்கு எதைக் காட்டும்? கடைசியில் மகளிர் குழுக் கடனும் கந்துவட்டியும்தான். பிள்ளை அங்கே பட்டம் வாங்கும் முன் வீடு இங்கே மூழ்கிவிடும்.

கணக்கில் ஏமாறும் இடங்கள்

பிரிட்டனில் மாணவர் வாடகையைப் பெரும்பாலும் வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 150 பவுண்டு என்றால் மாதம் 600 என்று பெருக்கிவிடக் கூடாது. ஆண்டுக்கு 52 வாரம், மாதம் 650. ஜெர்மனியில் 'கால்ட்மீட்டே' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்மீட்டே' என்றால் வெப்பமூட்டும் செலவு முதலியன சேர்ந்தது. விளம்பரத்தில் எது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வரி விலக்கு உண்டு. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கே ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகலாம். அதை யார் கட்டுவது என்று விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். விசாவிலும் உதவித்தொகை விதிகளிலும் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மலிவான இடம் பல நேரம் இந்திய மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீடுதான். அங்கே 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனையும், ஊர்ப் பெயரைக் கேட்டுச் சாதியைத் துழாவும் பழக்கமும் கூடவே போயிருக்கின்றன. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வீடு வாடகைக்கு விடுவதும் அதில் அடக்கம். தேவையில்லாமலா சட்டம் வந்தது? எனவே முதல் ஆண்டுக்காவது பல்கலைக்கழக விடுதிக்கே விண்ணப்பியுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் சாதி கேட்காத கதவு அது.

செய்ய வேண்டியவை

மாணவத் தம்பி தங்கைகளே, விண்ணப்பம் போடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த படிப்பு உள்ள மூன்று பல்கலைக்கழகங்களை மூன்று வெவ்வேறு நகரங்களில் தேர்ந்தெடுங்கள். விடுதி வாடகை, முன்பணம், சாப்பாடு, பேருந்து, காப்பீடு, குளிர் உடை என்று ஒவ்வொன்றையும் மாதக் கணக்கில் எழுதுங்கள். விடுதிக் கட்டணம் அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கும். உதவித்தொகையை 12-ஆல் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் தவணை கைக்கு வரத் தாமதமானால் இரண்டு மாதம் எப்படி ஓட்டுவது என்பதையும் கீழே எழுதுங்கள். அதன்பிறகும் லண்டன்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்து போவது முக்கியம்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்றியத் திட்டத்தின் வாழ்க்கைச் செலவுத் தொகையை நகர வாரியாக வகுத்து, ஆண்டுதோறும் திருத்த வேண்டும். தென்காசி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள ஆதிதிராவிடர் நலத்துறை, இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் வழிகாட்டல் முகாமைக் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கி மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும், விண்ணப்பக் காலத்துக்கு முன்பே நடத்த வேண்டும். உறவுக்காரர் இல்லாத பிள்ளைக்கு அந்த உறவுக்காரர் செய்யும் வேலையை அரசு செய்யட்டும்.