அத்தையின் ‘மரகதம்’

ஆயர் ஈத்தாமைக் கடக்கும்போது பீங்கான் கடைகளில் வண்டியை நிறுத்தாவிட்டால், எங்கள் வீட்டில் யாருக்கும் பயணம் போன மாதிரியே இருக்காது. போன மாதமும் நிறுத்தினோம். பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்த அத்தை, “ஐயோ!” என்றார். மோதிரக் கல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

புதன் தசைக்கு மரகதம் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, 900 வெள்ளி கொடுத்து வாங்கிய மோதிரம் அது. பிறகு சோதனைக்குக் கொடுத்தோம். மரகதம் இல்லையாம், அமேசோனைட்டாம்.

கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லை. அதுவும் பூமியில் விளைந்த கல்தான். சிந்துவெளி மக்கள் இதில் மணி செய்து கோத்தார்கள், எகிப்தியர்கள் நகையில் பதித்தார்கள். அமேசான் ஆற்றின் பெயர் இருந்தாலும், அங்கே அந்தக் காலத்தில் கிடைத்த பச்சைக்கல் வேறு ஏதோ என்கிறார்கள். பச்சை நிறத்துக்குச் செம்புதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். கல்லுக்குள் இருக்கும் துளி ஈயமும் நீரும்தான் காரணம் என்பது 1980களில் தெரியவந்தது.

வேடிக்கை என்னவென்றால், இது ஃபெல்ட்ஸ்பார் குடும்பத்துக் கல். அத்தை தூக்கிய தொட்டியின் பளபளப்புக்கும் அதே குடும்பம்தான் காரணம். ஃபெல்ட்ஸ்பார் தூளைப் பூச்சில் கலந்து சூளையில் வைத்தால், உருகிக் கண்ணாடியாகப் படிந்துவிடும்.

மரகதத்தின் கடினம் 7.5க்கு மேல், அமேசோனைட் 6 முதல் 6.5 வரைதான். போதாததற்கு, ஏறக்குறைய செங்குத்தான இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். கதவில் இடித்தாலே போதும். மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும்தான் இது பொருத்தம். பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள், அதிகச் சூட்டில் நிறம் வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், பிளீச் பக்கமே போக வேண்டாம்.

நல்ல மரகதத்துக்குள் வெளிச்சம் புகும். அமேசோனைட் பெரும்பாலும் மங்கலாக, வெள்ளைக் கோடுகளோடு நீலம் கலந்த பச்சையில் இருக்கும். ஜேட் என்று விற்றால் கையில் ஏந்திப் பாருங்கள். அதே அளவு ஜேட் நன்றாகக் கனக்கும். கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாவிட்டால், ஒளிவிலகல் எண்ணை அளக்கச் சொல்லுங்கள். இதற்கு ஏறக்குறைய 1.52, மரகதத்துக்கு 1.57க்கு மேல்.

அத்தை ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “பச்சைக்கல் மோதிரம் 1.”