இருளில் நின்ற கணம்

திருகோணமலை டச் பே கடற்கரையில் நிற்பவனுக்குக் கதிரவன் கடலிலே எழுவான். மறைவதோ முதுகுப்புறத்தில், நகரத்துக்கும் உட்துறைமுகத்துக்கும் அப்பால். ஆகவே மாலை மங்குவது அங்கு கண்ணுக்குத் தெரியாமலே நிகழ்ந்துவிடும். சற்று முன் புல் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள், திரும்பிப் பார்த்தால் வெறும் நிழல்களாக நிற்கும்.

அந்த மங்கலில்தான் சென்ற ஆண்டு ஒரு மாலை, நகரத்து இளைஞர் சிலர் தமக்குள் நடத்திய பிரேக் நடனப் போட்டியைப் படம் பிடிக்கக் கமராவோடு போய் நின்றேன். சீமெந்துத் தரையில் விரித்த ஒரு லினோலியத் துண்டு, கம்பத்திற் கட்டிய இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள், அரங்கம் அவ்வளவே. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 1970களில் ஏழை இளைஞரிடையே பிறந்து, 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டியாகவும் இடம்பெற்ற கலை இது. தெருவிலே பிறந்த கலைக்கு இரண்டு விளக்குப் போதும், கமராவுக்குத்தான் போதாது.

ஆடவிருந்தவர்களுள் என் பழைய மாணவன் ஒருவன் ஓடி வந்தான்.

“சேர், என்ர முகம் வடிவாத் தெரிய ஒரு படம் வேணும். அம்மாவுக்கு அனுப்போணும்.”

அவன் தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். நான்கு ஆண்டுகளாக ஊர் திரும்பவில்லை.

சுழலும் உடலைக் கலங்காமல் பிடிக்க 1/500 வினாடியாவது வேண்டும் என்பது நான் கற்ற பாடம். வில்லையை 1.8 வரை அகலத் திறந்தேன், ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு உயர்த்தினேன். படங்கள் வந்தன: ஒன்று வெளிச்சமாக, அடுத்தது இருண்டு, இன்னொன்றின் குறுக்கே கரும்பட்டை. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. மலிவான விளக்கு அதனால் வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. கண் அதைக் காணாது. 1/500 வினாடி கண்டுவிடும்.

பொறுமையிழந்து பிளாஷைப் பொருத்தினேன். இன்றும் அதை எண்ணி வெட்கப்படுகிறேன். தலையை ஊன்றிச் சுழன்ற பையன் ஒற்றைக் கையில் எழ முயன்ற நொடியில், அவன் முகத்துக்கு நேரே ஒளியை வெடிக்கவிட்டேன். கண் கூசிற்று, கை வழுக்கிற்று, தோள் தரையில் மோதிற்று. “ஒண்டுமில்ல, சேர்” என்று அவன் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இயலவில்லை.

பிளாஷைக் கழற்றிப் பையில் வைத்தேன். பின்னர் நெடுநேரம் படமே எடுக்கவில்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். நின்றாடும் அடவுகள், தரையிற் கையூன்றிக் கால் வீசும் அடவுகள், சுழற்சிகள், இவற்றுக்கிடையே தாளத்தின் ஓரடிப்பில் உடல் முழுதும் சட்டென உறைந்து நிற்கும் நிலை. ‘பிரீஸ்’ என்பர் ஆடுவோர். பரதத்தில் தீர்மானம் முடிந்து நிற்பதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் 108 கரணங்களுள் 81ஐச் செதுக்கியிருக்கிறார்கள். எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கரணம் என்பது அசைவு. அந்த அசைவிலிருந்து ஒரு கணத்தைத் தேர்ந்தே சிற்பி கல்லில் வைத்தான். நானோ தேர்வதை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தேன்!

1/100 வினாடிக்கு இறங்கினேன். விளக்கின் ஒரு முழுத் துடிப்பு அதற்குள் அடங்கிவிடும். கரும்பட்டை மறைந்தது, ஒளியும் ஐந்து மடங்காயிற்று. ஆனால் இனி உறைநிலை ஒன்றையே நம்பவேண்டும். கண்ணைவிடக் காதுக்கு வேலை. உதட்டுக்குள் அடிப்புகளை எண்ணத் தொடங்கினேன்.

இரண்டாம் சுற்றில் அவன் வந்தான். அடிபட்ட பக்கத்தைத் தவிர்த்து மற்றக் கையை ஊன்றினான். ஏழு, எட்டு, நின்றான். ஒரே முறை அழுத்தினேன்.

போட்டியில் அவன் வெல்லவில்லை. படத்தில் காற்சட்டையின் நுனி சற்றுக் கலங்கியிருந்தது. முகத்தில் வியர்வைத் துளிகூடத் தெளிவு. திரையைக் காட்டினேன். கமராவை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான்.

“இப்பிடியே அனுப்புங்கோ, சேர். அம்மா என்ர முகத்தை நேராப் பார்க்கட்டும்.”